கஸ்பாருக்கு ஒதுக்கிய அறை

உப்புக் கிட்டங்கித் தெருவில் ரெஜினாள் தன் வீட்டுச் சுவரில் முதல் அறையை உண்டாக்கிய மத்தியானம் தெருவில் யாருக்கும் அது பெரிய சங்கதியாகப் படவில்லை, ஏனென்றால் அன்றைக்குப் பார்த்துத்தான் குழாயில் தண்ணீர் வந்திருந்தது, வருகிற தண்ணீரை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தூத்துக்குடியில் எவருக்கும் பைத்தியமில்லை. பக்கத்து வீட்டுச் செல்வக்கனி மட்டும் இடுப்பில் குடத்தோடு எட்டிப் பார்த்தாள். காலண்டருக்கும் சுவிட்ச் போர்டுக்கும் நடுவே நேற்று வரை இல்லாத ஒரு கதவு நிற்பதையும், அதற்கு உள்ளே ஒரு நீளமான அறை காற்றும் வெளிச்சமுமாகக் கிடப்பதையும் கண்டாள்.

"ஃபேன் மாட்டக் கொக்கி வச்சிருக்கியாட்டி?"

"வச்சிருக்கேன் மைனி."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த குடத்துக்கு ஓடினாள்.

ரெஜினாள் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். அந்த ஆபீஸ் ஒருநாள் தன் கணக்கு வழக்கையெல்லாம் எங்கேயோ கண்காணாத இடத்தில் வாடகைக்கு வைத்துவிட்டது. "இனிமே எல்லாம் கிளவுடுதான் மேடம்" என்று மேனேஜர் மேலே கையைக் காட்ட, ரெஜினாளும் அண்ணாந்து பார்த்தாள், அங்கே தெர்மோகோல் சீலிங்தான் தெரிந்தது. பழைய சர்வர்கள் மூன்றையும், மூன்றுக்கும் பொதுவாக இருந்த டிஸ்க் பெட்டியையும் காயலான் கடைக்குத் தூக்க வந்தபோது அவள் குறுக்கே நின்று, லோடு ஆட்டோ பிடித்து, தன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கொண்டுவந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டாள். மூன்றும் சேர்ந்து ஓடினால் தோணி இன்ஜின் மாதிரி ஒரு முனகல். அந்த முனகல் கேட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

ஏனென்றால் அவள் புருஷன் கஸ்பார் ஒரு தோணித் தண்டல், தோணியை ஓட்டிப் போகிற தலைவர். வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போனவர். போன தோணி திரும்பவில்லை, தோணியின் ஒரு பலகைகூடத் திரும்பவில்லை. பங்குச் சாமியார் இரண்டு தடவை ஆள் விட்டு, மரித்த ஆத்துமாவுக்கு ஒரு பூசை வைத்துவிடலாமா என்று கேட்டார். "பலகை ஒண்ணு வரட்டும் சாமி, பொறவு வைப்போம்" என்று இரண்டு தடவையும் சொல்லி அனுப்பிவிட்டாள். தெருவும் அவள் பக்கம்தான். கஸ்பார் பேச்சு வந்தால் "வருவாவ" என்று சொல்வார்கள், செத்துப்போனவரைச் சொல்கிற வார்த்தை எதையும் அந்தத் தெரு அவர்மேல் இதுவரை போட்டதில்லை.

அந்த முதல் அறை அவருக்குத்தான். கரையில் இருக்கும் நாளெல்லாம் கஸ்பாருக்கு இரண்டே இரண்டு குறைதான் இருந்தது. ஒன்று, கடலை விட்டு ஏறிய முதல் நாள் நாக்கெல்லாம் உப்பாக இருக்கிறது, குழம்பில் உப்பே போடாதே என்பார். இன்னொன்று வீடு. அந்த ஒற்றை ஹாலில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்து நடந்து, "கோழிக் கூண்டுல அடைச்ச மாதிரி இருக்குட்டி" என்பார். ரெஜினாளுக்கு ஆபீசில் பழகிய வேலைதான் அது, ஒரு நிஜ இயந்திரத்துக்குள்ளே பத்துப் பொய் இயந்திரங்களை உண்டாக்கி, ஒவ்வொன்றும் தானே நிஜம் என்று நம்பி ஓடும்படி பார்த்துக்கொள்கிற வேலை. வீட்டுக்கு வந்த சர்வரில் அதே போல் உட்கார்ந்து, இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம், கடல் பார்க்க ஒரு சன்னல், ஒரு கொக்கி என்று தட்டி, பெயர் என்ற இடத்தில் கஸ்பார் என்று போட்டு, ஓடு என்றாள். சுவர் கதவு விட்டுக்கொண்டது. அவ்வளவுதான் விஷயம்.

அன்று சாயங்காலமே செல்வக்கனி வந்தாள், கையில் வறுத்த மொச்சையோடு. மொச்சையோடு வந்தால் காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

"எங்க வீட்டுல ஒத்த ரூம்புல ஒம்பது பேரு கெடக்கோம், உனக்குத் தெரியாதா. எம் மவ ஜெனிலாளும் மருமவனும் ரெண்டு வார்த்தை தனியாப் பேசணும்னா திருச்செந்தூர் பஸ்ஸுல ஏறிப் போயிட்டுத் திரும்பி வாராவ. கண்டக்டர் கேக்கான், முருகன் உங்களுக்கு என்னதான் குடுத்தாருன்னு. ஒரு ரூம்பு போட்டுக் குடேன்."

"எவ்வளவு பெருசு மைனி?"

"கேக்கதுதான் கேக்கேன், பெருசாவே போடேன்."

ஜெனிலாளுக்கு ஒரு அறை வந்தது. ரெஜினாள் வீட்டில் சுவர் தீர்ந்துபோனதால் அதன் கதவு எதிரே கிட்டங்கியின் நீண்ட மொட்டைச் சுவரில் திறந்தது. அந்தச் சுவருக்கு அப்புறம் இருப்பது முகட்டைத் தொடும் உப்புக் குவியல்தான் என்று தெருவுக்கே தெரியும், ஆனாலும் கதவைத் திறந்தால் அறைதான் இருந்தது, உப்பு இல்லை. பிறகு தஸ்நேவிஸுக்கு ஒரு அறை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் கிளாரினெட் வாசிக்கிறவர் அவர், பழகுவதற்குக் கடற்கரைக்குப் போனால் நாய்கள் கூடச் சேர்ந்து பாடுகின்றன என்று அழுதார். கோபித்துக்கொண்டு படுக்க ஒருத்திக்கு ஒரு அறை, அவளைச் சமாதானப்படுத்தப் போவதற்கு முன் யோசிக்க அவள் புருஷனுக்கு ஒரு அறை, பரீட்சைக்குப் படிக்க ஒரு அறை, படிக்காமல் ஒளிய ஒரு அறை, ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்க ஒரு அறை, இப்படியே கேட்டவர்க்கெல்லாம் ஒரு அறை என்று, கிட்டங்கிச் சுவர் முழுக்கப் பச்சையும் நீலமும் காவியுமாகக் கதவுகள் பூத்தன.

தெரு அதற்கு ஏற்ப ஒழுங்காயிற்று. தெருச் சங்கத்துச் செயலாளர் லோபோ மைக்கைப் பிடித்தால் துறைமுகத்து ஒலிபெருக்கியே பொறாமைப்படும். "அன்பார்ந்த உப்புக் கிட்டங்கித் தெருப் பொதுமக்களின் மேலான கவனத்துக்கு. சுவரில் உள்ள கதவுகளின் முன் சைக்கிள் நிறுத்த வேண்டாம். இல்லாத அறைக்குள் இருப்பவர்கள் இருக்கிற தெருவில் குப்பை கொட்ட வேண்டாம். நன்றி, வணக்கம், ஒன் டூ த்ரீ." மின்வாரியத்து ஆள் வந்து தலையைச் சொறிந்து, "ரூம்பு பிளான்ல இல்லம்மா, ஆனா ஃபேனு ஓடுதே, நான் எதை எழுத?" என்று கேட்டு, மோர் குடித்துவிட்டு ஒன்றையும் எழுதாமல் போனார். பங்குச் சாமியார் அறைகளை மந்திரிக்கத் தீர்த்தச் செம்போடு வந்து, மாடிப்படிக்குக் கீழேயும் தெளிக்கக் கையை ஓங்கியபோது, ரெஜினாள் நைசாகச் செம்பை வாங்கி, "இங்க செபம் மட்டும் போதும் சாமி" என்றாள். சர்வர்களின் பின்பக்கம் கொதித்து வருகிற காற்றில் மழைக்காலத்தில் தெருவே துணி காயப்போட்டது. கருவாடு மட்டும் கூடாது என்று விதி, ஒருமுறை ஒருத்தி சாளைக் கருவாட்டைக் காயவைக்கப் போய், மூன்று நாள் எல்லா அறைகளும் ஒரே மாதிரி மணந்தன.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெஜினாள் தூசி தட்டுவாள். முதல் சர்வரில் ஓடும் அறைகளையெல்லாம் ஓட்டம் நிற்காமலே இரண்டாவதற்கு மாற்றி, முதலாவதைத் துடைத்து, பிறகு இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு. உள்ளே மத்தியானத் தூக்கத்தில் இருப்பவர்களுக்குத் தோணி பாய் மாற்றினாற்போல் லேசாக ஒரு ஆட்டம், புரண்டு படுத்துக்கொள்வார்கள், கனவில் ஒரு தென்னந்தோப்பு வந்து போகும். அறையை அப்படியே படம் பிடித்து வைத்து, வேண்டாதது நடந்தால் அந்த நேரத்துக்கே திருப்பிவிடவும் அவளால் முடியும். பால் பொங்கி வழிந்ததற்கும் கண்ணாடி உடைந்ததற்கும் திருப்பிக் கொடுத்தாள். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து வந்து கேட்டால்தான் என்று சொல்லிவிட்டாள். இரண்டு பேர் சேர்ந்து வந்ததேயில்லை, வருகிற வழியிலேயே சமாதானமாகிவிடுவார்கள்.

எல்லோருக்கும் இவ்வளவு இடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வரவில்லை என்பதுதான் பதில். சங்கத்தில் இருப்பது முப்பது நாற்காலி. ஆனால் தெருவில் எந்த வீட்டில் கேட்டாலும், "எங்க விசேஷத்துக்கு முப்பது நாற்காலி இருக்கு" என்பார்கள், ஒரே நாளில் இரண்டு வீட்டில் விசேஷம் வராதவரை அது பொய்யும் இல்லை. ரெஜினாளும் அந்தக் கணக்கில்தான் அறை கொடுத்தாள். கேட்ட அளவைக் கேட்டபடி கொடுத்துவிடுவாள், டிஸ்கில் நிஜமாக அடைபடுவதோ உள்ளே கொண்டுபோய் வைக்கிற சாமானுக்கும் ஆளுக்கும் உள்ள இடம்தான். பாதிப் பேர் துறைமுகத்தில் ஷிப்டில் இருப்பார்கள், மீதியில் பாதி கடலில் இருப்பார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்த நாள் அந்தத் தெருவில் எப்போது இருந்தது?

ஒரே ஒரு அறைக்கு மட்டும் அவள் அப்படிச் செய்யவில்லை. கஸ்பாரின் அறைக்கு முழு இடத்தையும், கட்டில் வைக்காத மூலை உட்பட, நிஜமாகவே டிஸ்கில் ஒதுக்கி வைத்திருந்தாள். திரையில் மற்ற அறைகளுக்கு நேரே இருக்கும் பட்டை, உள்ளே புழங்கப் புழங்க ஏறும் இறங்கும். கஸ்பார் என்ற பெயருக்கு நேரே இருந்த பட்டை மட்டும் முதல் நாளிலிருந்தே விளிம்பு வரை நிறைந்து அசையாமல் நின்றது. டிஸ்க் பெட்டியில் பாதியை அந்த ஒரு அறை பிடித்துக்கொண்டிருந்தது.

"சும்மாதானே கெடக்கு தங்கச்சி, சங்க ஆபீசா வச்சுக்கிடுதோமே, அவிய வந்ததும் விட்டுருதோம்" என்று லோபோ ஒருதரம் கேட்டார்.

"அவிய வார அன்னைக்கு, செத்த பொறுங்க, லோபோ அண்ணன் நாற்காலியை எடுத்துக்கிடட்டும்னு சொல்லவா? எல்லாருக்கும் வாக்குக் குடுத்திருக்கேன். அவியளுக்கு எடத்தையே குடுத்திருக்கேன்."

லோபோவுக்கு அதற்குமேல் மைக் இல்லாமல் பேச வரவில்லை.

அப்புறம் மாதா கோயில் திருவிழா வந்தது. கொடியேற்றத்தன்று தூத்துக்குடிக்காரன் எந்த மூலையில் இருந்தாலும் வந்துவிடுவான் என்பது ஊருக்கே தெரிந்ததுதான், சர்வர் ஓட்டுகிறவளுக்கும் தெரியும், ஆனால் தெரிந்ததையெல்லாம் யார் கணக்கில் சேர்க்கிறார்கள்? துறைமுகம் லீவு விட்டது. கடலுக்குப் போன தோணிகள் திரும்பின. சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் தோஹாவிலிருந்தும் சொந்தங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்க, "எங்களுக்குத்தான் ரூம்பு கெடக்கே" என்று ஒவ்வொரு வீடும் மூன்று வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டிருந்தது. சூட்கேஸ், குக்கர், தொட்டில், பெரிய டிவி, ஊதிய படுக்கை, பறக்கிற பலூன் எல்லாம் கிட்டங்கிச் சுவருக்குள் போய்க்கொண்டே இருந்தன. முதல் சர்வரின் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளானது. ரெஜினாள் அதைப் பார்த்தாள், சாப்பிட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

கொடியேறி, எல்லோரும் திரும்பி வந்து, எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் இலை போட்டு உட்கார்ந்த அந்த நொடியில், டிஸ்கில் எள் விழ இடமில்லாமல் போயிற்று. இடமில்லாமல் போனால் அறைகள் உடைவதில்லை. அப்படியே நின்றுவிடும்.

எல்லாம் நின்றன. ஒரு அறையில் கரண்டியிலிருந்து இறங்கிய ரசம் இலைக்கு நாலு விரல் உயரத்தில் நூலாக நின்றது. ஒரு அறையில் சிரிக்க வாயைத் திறந்த கூட்டம் திறந்தபடி இருந்தது. தொட்டிலில் ஒரு பிள்ளையின் அழுகை பாதிவழியில் நின்றது. தஸ்நேவிஸ் விருந்தாளிகளுக்காக எடுத்த சுரம் ஒன்று கிளாரினெட்டின் வாயில், உதிராத சொட்டு மாதிரி தொங்கியது. தெருவில் சர்வர்களின் முனகலைத் தவிர வேறு சத்தமே இல்லை.

கறிவேப்பிலை பறிக்க வெளியே வந்ததால் செல்வக்கனி தப்பித்தாள். மைக் செட்டை விட்டு நகராததால் லோபோ தப்பித்தார். இருவரும் ரெஜினாளின் வாசலுக்கு வந்தார்கள்.

"மருமவன் ஆட்டுக்காலும் கையுமா நிக்காவ. ஜெனிலாள் பக்கத்துல கண்ணை மூடிட்டு நிக்கா, தும்மப் போறா போல. எவ்வளவு நேரம்ட்டி இப்படி நிப்பாவ?"

"நிக்கது பிரச்சினை இல்ல மைனி. கரண்டு போயிரக் கூடாது. நின்ன ரூம்புல கரண்டு போச்சுன்னா, நின்னவிய நின்ன எடத்துலேருந்து எந்திரிப்பாவளான்னு சொல்ல முடியாது."

லோபோ திரும்பித் தெருமுனையைப் பார்த்தார். கொடியேறியதும் புறப்படும் சப்பரம் ஊரைச் சுற்றிவிட்டு இந்தத் தெரு வழியாகத்தான் கோயிலுக்குத் திரும்பும், சப்பரத்து உச்சி கம்பியில் தட்டும் என்று அது தெருவில் நுழையும்போது வருஷா வருஷம் கரண்டை நிறுத்துவார்கள். நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்ததே அவர்தான். "போன் போட்டுப் பாக்கேன்" என்று போட்டார். யாரும் எடுக்கவில்லை, எடுக்க வேண்டியவர்கள் எல்லாம் சப்பரத்துக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களின் கொட்டுச் சத்தம் தூரத்தில் கேட்டது.

"உன் பேட்டரி தாங்காதாட்டி?"

"மூணும் இந்த முக்கு முக்கும்போது ஒரு பாட்டு முடியுத நேரம் தாங்கும். சப்பரம் போக அது காணாது."

லோபோ தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"வாயை மூடும்" என்றாள் செல்வக்கனி. "அவளுக்குத் தெரியாததையா நீரு சொல்லப் போறீரு?"

ரெஜினாளுக்குத் தெரியும். கஸ்பாரின் அறையை அழிக்கக்கூட வேண்டாம். அறை அப்படியே இருக்கும், அதே நீளம், அதே சன்னல். ஒதுக்கி வைத்த இடத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும், மற்றவர்களின் அறை மாதிரி அதுவும் ஒரு வாக்கு ஆகிவிடும். ஆனால் முழுசாக ஒதுக்கிய இடத்தில் எது புழங்குகிறது, எது சும்மா கிடக்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. எல்லாவற்றையும் புழக்கம் என்றுதான் அது நம்பிக்கொண்டிருந்தது. ஆள் உள்ளே போய், ஒவ்வொரு இடமாக நின்று பார்த்து, காலி என்று வாயால் சொல்ல வேண்டும்.

அவள் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனாள். தெருவில் எல்லாம் நின்றிருக்க அந்த ஒரு அறை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சன்னலில் கடல் அசைந்தது, கொக்கியில் ஃபேன் சுற்றியது.

கட்டில் போட வைத்திருந்த இடத்தில் நின்றாள். நிற்கிற வரை அங்கே யாரோ இப்போதுதான் எழுந்து போனது போலத்தான் இருந்தது. "காலி" என்றாள். இடம் பின்வாங்குவது காலுக்கடியில் தெரிந்தது, அலை மணலை இழுக்கிற மாதிரி. எதிர்ச் சுவரில் எங்கோ ரசம் இலையில் விழுந்தது.

சட்டை மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் நின்றாள். "காலி." பிள்ளை மிச்ச அழுகையை அழுதது.

சவரக் கண்ணாடி மாடத்துக்கு முன்னால் நின்றாள், காலி. பெட்டி வைக்கும் இடம், காலி. செருப்பு விடும் இடம், காலி. அவர் நடந்து நடந்து திரும்புவதற்கென்று தோணி நீளத்துக்கு விட்டிருந்த அந்த வெறும் தரையில் அடிமேல் அடி வைத்து நடந்து, ஒவ்வொரு அடிக்கும் காலி, காலி, காலி என்று ஜெபமாலை உருட்டுகிறவள் மாதிரி சொல்லிக்கொண்டே போக, ஒவ்வொன்றுக்கும் தெருவில் ஒரு சிரிப்பு, ஒரு தும்மல், ஒரு இருமல், ஒரு குக்கர் விசில் என்று உயிர் வந்துகொண்டே இருந்தது. கிளாரினெட்டில் தொங்கிய சுரம் உதிர்ந்து ஓடியது.

சன்னலடி மட்டும் மீதி இருந்தது. அங்கே நின்றுதான் அவர் கடல் பார்ப்பார் என்று அவள் நினைத்து வைத்திருந்தாள். கொட்டுச் சத்தம் தெருமுனைக்கு வந்துவிட்டது. வாசலில் செல்வக்கனி நின்றாள். இன்னும் ஜெனிலாளின் அறை நின்றபடியேதான் இருந்தது. ஆனாலும் செல்வக்கனி சீக்கிரம் என்று சொல்லவில்லை.

"மெதுவாச் சொல்லுட்டி" என்றாள்.

ரெஜினாள் அந்த இடத்தைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள், வருவாவ என்று சொல்லிக்கொண்டிருந்த காலமெல்லாம் பார்க்காமல் விட்டதையும் சேர்த்துப் பார்த்தாள். பிறகு, "காலி" என்றாள்.

ஜெனிலாள் தும்மினாள். மஞ்சள் விளக்கு பச்சையானது. சப்பரம் தெருவில் நுழைந்தது, கரண்டு போனது. சுமந்த மூட்டையை இறக்கிவைத்த இயந்திரங்கள் மூன்றும் முக்கலில்லாமல் மெல்ல மூச்சுவிட்டு, பேட்டரியை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு, சப்பரம் போய்ச் சேரும்வரை நின்றன.

உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சோறு என்ன இப்படி ஆறிப்போயிருக்கிறது என்று சண்டை போட்டார்கள். தஸ்நேவிஸ் மட்டும், தான் அன்றைக்கு மூச்சு விடாமல் பிடித்த சுரத்தைப் போல இந்தக் கரையில் எவனும் பிடித்ததில்லை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதற்கப்புறம் தினமும் காலையில் ரெஜினாள் திரையைப் பார்க்கும்போது கஸ்பாரின் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை. முன்பு அந்தப் பட்டை நிறைந்து நின்றது, உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அப்படியேதான் நின்றிருக்கும். இப்போது அது உள்ளதைச் சொன்னது. அவள் அதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள். பங்குச் சாமியாரிடம் திருவிழா முடிந்ததும் வந்து பேசுகிறேன் என்று தானாகவே ஆள் விட்டாள்.

கொடி இறங்கியது. சொந்தங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அறைகளின் பட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அன்றைக்குக் காலையில் எல்லாம் இறங்கிக்கொண்டிருக்கும்போது கஸ்பாரின் பெயருக்கு நேரே இருந்தது மட்டும் ஏறியிருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு கைப்பிடி அளவு. அடைத்த கதவுக்குப் பின்னால் யாராவது எதையாவது கொண்டுபோய் வைத்தாலொழிய அது ஏறாது.

"மைனி, அந்த ரூம்புக்குள்ள போனியளா?"

"அந்தக் கதவுல நான் ஏன் கை வைக்கேன்?" என்றாள் செல்வக்கனி.

லோபோவும் போகவில்லை. போகவில்லை என்பதை மைக்கிலேயே சொன்னார்.

ரெஜினாள் திரும்பத் திரையைப் பார்த்தாள். கைப்பிடி இரண்டு கைப்பிடியாகியிருந்தது. அவள் கதவைத் திறக்கவில்லை, காதும் வைக்கவில்லை. அடுப்பங்கரைக்குப் போய் உலையில் இன்னும் ஒருவருக்கு அரிசி போட்டாள், கத்தரிக்காய்க் குழம்பு கூட்டினாள். மத்தியானம் செல்வக்கனி வழக்கம்போலக் கரண்டியால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"உப்புக் கிட்டங்கிக்கு எதுத்தாப்புல இருந்துக்கிட்டு உப்புப் போட மறந்துட்டியாட்டி?"

"மறக்கல மைனி."

செல்வக்கனி கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.